போட்டியில்லாத ஊரில் ஒரு வேட்பாளர்

வலங்கைமானுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் அமலி அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. நடவுக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிப் போவது அவர்தான். சொந்தமாக நாலு மா நிலம், ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, உண்டு. வரப்பில் நின்று அவர் பேசினால் பஸ் நிறுத்தத்தில் கேட்கும். கணவர் மிக்கேல்ராஜ் அதற்கு நேர்மாறு. அவர் பேசியதைக் கேட்டவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். அமலி அக்கா ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார், தோற்றார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

எங்கள் ஊரில் தலைவர் தேர்தல் ஒரே நாளில் நின்றுபோகவில்லை. ஒரு முறை இரண்டு தரப்புக்கும் கைகலப்பு வந்து, மண்டை உடைந்து, கேஸ் ஆனது. ‘இந்த ஒரு தடவை போட்டி வேண்டாம், பொதுவில் ஒருவரை வைப்போம்’ என்று அடுத்த முறை ஊர்க்கூட்டத்தில் முடிவானது. நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதற்கடுத்த முறை, கோயில் கும்பாபிஷேகத்துக்கும் மாதா கோயில் கோபுரத்துக்கும் யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே பதவி என்றார்கள். உரக்கடை உலகநாதன் தலைவரானார். அதற்கும் அடுத்த முறை கூட்டம்கூடப் போடவில்லை. அவரே தொடர்வதாக மைக்கில் அறிவித்து, வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்தார்கள். கிராம சபை நடந்ததாக டீக்கடையிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எங்களிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. நாங்களே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்கு ‘ஊர் ஒற்றுமை’ என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

வயல் தண்ணீரை வடிக்கிற வாய்க்கால் தூர் வாராமல் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. அமலி அக்கா உரக்கடைக்கே போய்க் கேட்டார்.

“உனக்கு எதுக்கு நான் பதில் சொல்லணும்? நீ ஓட்டுப் போட்டா நான் தலைவரானேன்?” என்றார் உலகநாதன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். “நெசந்தாண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும், உலகநாதனை எதிர்த்து வேட்புமனு போட்டுவிட்டார்.

ஊரே கொதித்தது. ஒற்றுமையைக் கெடுக்க வந்தவள் என்று நாலு பேர் வாசலில் நின்று ஏசினார்கள். “நமக்கு எதுக்கு இந்த வம்பு?” என்று மிக்கேல்ராஜும் கெஞ்சிப் பார்த்தார். அக்கா அசைந்து கொடுக்கவில்லை.

அப்போது அடைமழை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், அக்கா வயல் தண்ணீர் வாய்க்காலுக்கு வடிகிற குழாயை மணல் மூட்டை போட்டு அடைத்திருந்தார்கள். அக்கா மூட்டைகளை இழுத்துப் போட்டார். மறுபடியும் அடைத்துவிட்டு, உலகநாதனின் ஆட்கள் நாலு பேர் குடை பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். மனுவை வாபஸ் வாங்கினால் திறப்போம் என்று சேதி வந்தது. சம்பாப் பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டும் நேரம் அது. தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அக்கா வரப்பில் நின்று அழுதார், நானே பார்த்தேன்.

“பயிரு அழுவினா அழுவட்டும். நான் வாபஸ் வாங்க மாட்டேன்” என்று அழுதுகொண்டேதான் சொன்னார்.

அடைத்த புத்திசாலிகள் ஒன்றை மறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து நிலம் பாய் விரித்த மாதிரி சமதரை. இங்கே ஒருத்தர் வயலில் மட்டும் தண்ணீரைக் கட்டிவைக்க முடியாது. அக்கா வயலுக்கு மேலே இருக்கிற வயல்களும் அதே குழாயில்தான் வடிந்தாக வேண்டும். மறுநாளே இளையபெருமாள் வயலில் தண்ணீர் ஏறியது. உலகநாதனே தொடர்வதாக மைக்கில் சொன்னபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் இந்த இளையபெருமாள். முகம் சுண்டிப்போய் அக்கா வீட்டுக்கு வந்தார்.

“அமலி, நீ வாபஸ் வாங்கிட்டா முடிஞ்சு போச்சு. என் பயிரும்ல சேந்து போவுது?”

“நானா உங்க வயல்ல தண்ணியக் கட்டுனேன்? அடைக்கச் சொன்னவரு கடையிலதான் இருக்காரு. அவர்கிட்ட போய்க் கேளுங்க.”

“அவர்கிட்ட எப்படிப் போய்க் கேக்குறது?”

“இத்தனை வருசமா யாரும் கேக்கல. அதனாலதாண்ணே இப்ப முழங்கால் தண்ணியில நிக்கிறோம்.”

இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் குழாய்க்குப் போய், மூட்டைகளைத் தன் கையாலேயே இழுத்துப் போட ஆரம்பித்தார். மற்ற மேல்வயல்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு பெண்பிள்ளையைத் தடுக்க உட்கார்ந்திருந்த நாலு பேரும் இத்தனை பேரைக் கண்டதும் குடையோடு கிளம்பிவிட்டார்கள். அக்காவுக்கு ஒரு மா பயிர் அழுகிப்போனது, மீதி தேறிவிட்டது. வாபஸ் வாங்கும் கெடுவும் முடிந்தது. அக்கா பெயர் ஓட்டுச் சீட்டில் ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. உலகநாதன் கும்பிட்ட கையோடு வீடு வீடாக வந்தார். தலைவரான பிறகு எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு வாசலிலும் வாய்க்காலைக் கோடையில் தூர் வாரித் தருவதாகச் சொன்னார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அமலி அக்கா வீட்டை மட்டும் தாண்டிப் போக முடியுமா? தயங்கித் தயங்கி அங்கேயும் வந்து நின்றார்.

“என்ன அமலிம்மா, நல்லா இருக்கீங்களா? பாத்துச் செய்யுங்க” என்றார்.

“என் ஓட்டு எனக்குத்தாண்ணே” என்று அக்கா நாற்காலியை எடுத்துப் போட்டார். “ஆனா எங்க வீட்டுக்காரரு ஓட்டு யாருக்குன்னு எனக்கே தெரியாது. உக்காந்து அவருகிட்ட கேளுங்க.”

உலகநாதன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மிக்கேல்ராஜ் உள்ளேயிருந்து வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி பேசினார்.

“அந்த மூட்டைய வைக்கச் சொன்னது யாரு? அத மொதல்ல சொல்லுங்க.”