அண்ணி நேர்ந்த என் முட்டி

எனக்கு எழுபத்தொரு வயது. நான் வளர்த்தது ஆறு பேர். நான்கு பேர் நான் பெற்றது. மற்ற இரண்டு, ஆவடியில் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று என் கணவரின் அக்கா எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்ட அவர் பிள்ளைகள். ஆறு பேருக்கும் குனிந்து நிமிர்ந்து என் முட்டி தேய்ந்தது. அந்த அக்காவை நான் அண்ணி என்பேன். நசரத்பேட்டைக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனால் அவர் முட்டிக்கு மட்டும் இருபது வயதுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் வலது முட்டியை எடுத்துவிட்டு வேறு முட்டி வைத்தார்கள். ராணுவ டாங்கி செய்கிற ஆவடியில் முப்பது வருஷம் குடியிருந்ததற்கு எனக்கும் கொஞ்சம் இரும்பு கிடைத்தது. நடக்கலாம், மாடி ஏறலாம், முட்டி போடுவது மட்டும் கூடவே கூடாது என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டு, அசையாமல் படு என்றார்கள். துணைக்கு வந்த அண்ணி, நான் கண்ணை மூடும்போதெல்லாம் முட்டிக்கு அடியில் தலையணையைச் செருகினார். அப்படி வைத்தால் கால் மடங்கியே நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தந்த பெண் எச்சரித்திருந்தாள். நான் உருவுவேன், அவர் செருகுவார்.

"இன்னாமே, ஆபரேசன் பண்ண காலு. மெத்துனு கெடக்க வாணாமா?"

துண்டில் ஐஸ் சுற்றி வைத்தால், "சளி புட்சிக்கும்" என்பார்.

"முட்டிக்கா அண்ணி சளி பிடிக்கும்?" என்று கேட்டால் கோபம் வரும்.

ஃபாக்டரி சங்கு ஊதினால் எனக்கும் ஷிப்ட் ஆரம்பம். கட்டிலில் குதிகாலை இழுத்து இழுத்து முட்டியை மடக்க வேண்டும், பிறகு நீட்டி அழுத்த வேண்டும். நான்கு பிரசவத்தில் கத்தாதவள் அதற்குக் கத்தினேன். வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை, டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வாக்கரைப் பிடித்துச் சமையல்கட்டு வரை, பிறகு வாசல் வரை, பிறகு கம்போடு தெருமுனை வரை. மூன்றாம் மாதம் பூசைக்கு மாதா கோவிலுக்கே நடந்து போனேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், ஊரே நின்றுகொண்டிருக்க, அண்ணி சொன்னார்:

"மாதா கண்ணத் தொறந்துட்டாங்கமே! நீ எய்ந்து நடந்தா, வாசல்லேந்து பீடம் வரிக்கும் முட்டி போட்டுகினே போறதா நேந்துகினேன்."

"யாரு போறதா?"

"நீதான்."

"என் முட்டியை என்னைக் கேக்காம எப்படி அண்ணி நேர்ந்தீங்க?"

"நீதான் மயக்கத்துல கெடந்தியே. உன்ன எப்டி கேக்கறது?"

"டாக்டர் கூடாதுன்னாரே."

"டாக்டர் பெர்சா, மாதா பெர்சா?"

ஒரு வாரத்தில் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில், "என்னைக்குக்கா முட்டி போடறீங்க?" என்று பெண்கள் சினிமா ரிலீஸ் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். போட்டால், மூன்று மாதம் அழுது சம்பாதித்த கால் போய்விடும். போடாவிட்டால் நன்றி கெட்டவள் என்று பெயர் வரும். முப்பது வருஷம் முதல் வரிசையில் முட்டி போட்டுக்கொண்டு, உட்கார்ந்திருக்கிற பெண்களை ஓரக்கண்ணால் பார்த்தவள் நான். அவர்கள் என்னைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

அண்ணியை அழைத்துக்கொண்டு ஃபாதரிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "நேர்ந்தது யாரும்மா?" என்றார்.

"நான்தான் ஃபாதர்!" என்று அண்ணி முந்திக்கொண்டார். அந்தப் பெருமையை எனக்கு எப்படி விட்டுக்கொடுப்பார்?

"அப்போ நீங்களே நிறைவேத்துங்க. அடுத்தவங்க முட்டியை நேர்ந்துக்க முடியாது."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இருபது வயது முட்டி என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், இப்போது வலிக்கும் என்று சொல்லவா முடியும்?

ஞாயிற்றுக்கிழமை அண்ணி முட்டி போட்டு வந்தார். நான் பக்கத்தில் கம்போடு நிமிர்ந்து நடந்தேன். பாதி வழியில் என் முந்தானை இழுபட்டது.

"ஏமே, கொஞ்சம் மெள்ள நடயேன்."

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் அத்தனை சங்குக்கும் குதிகாலை இழுத்தேன் போலிருக்கிறது. பீடத்தருகே அவரால் எழ முடியவில்லை. கையை நீட்டினார். வலது காலை நன்றாக ஊன்றி இழுத்துத் தூக்கினேன். முட்டி கொஞ்சமும் ஆடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் முட்டி வீங்கியிருந்தது. துண்டில் ஐஸ் சுற்றி நான்தான் வைத்தேன். சளி பிடிக்கும் என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, இவ்வளவு எழுதப் பதினோரு மத்தியானம் ஆயிற்று. என் பேத்தியைக் கூப்பிட்டு நோட்டைக் கொடுத்திருக்கிறேன். கண்ணு, முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு. பெரிய பாட்டி நசரத்பேட்டையிலிருந்து வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார், கொஞ்சம் சத்தமாகவே படி.