அம்மா என்ற ஃபோல்டர்

காரோடு என்ற எங்கள் ஊரில், வீட்டு டிவிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டரை சர்வராக ஓட்டினேன். குடும்பப் படங்களும், அம்மா போனில் பாடியும் பேசியும் பதிந்தவையும் அதில்தான் சேரும். போனில் இடம் போதாது. சர்வரில் ஏற்றியதும் அம்மா போனிலிருந்து அழித்துவிடுவாள். நம் வீட்டுச் சங்கதியை எவனோ ஒருவன் கம்பெனியில் ஏன் வைக்க வேண்டும் என்று வீம்பு பேசித் திரிந்தவன் நான்.

தினமும் ஒரு நகல் உதியன்குளங்கரையில் அக்கா வீட்டு டிஸ்குக்குப் போகும். எந்தெந்த ஃபோல்டர் போக வேண்டும் என்று நானே பெயர்களை எழுதிக் கொடுத்திருந்தேன். அவற்றில் அம்மாவின் பதிவுகளுக்காக நான் தமிழில் பெயரிட்ட ‘அம்மா’வும் உண்டு.

அம்மா படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். “எனக்குத் தமிழு வாயில உண்டு மக்கா, கையில இல்ல. மலையாளத்துல வேற ஃபோல்டர் ஒண்ணு உண்டாக்கி அதுலயாக்கும் போடுதேன்” என்றாள் ஒருநாள். ஏதோ வேலையில் சரி என்றேன்.

ஆடியில் அம்மா இறந்தாள். ஐப்பசி இடியில் சர்வர் கருகியது. நகல் இருக்கிறதே என்று நிதானமாகத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். ‘அம்மா’வைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அவள் மலையாள எழுத்தில் வைத்த பெயர் என் பட்டியலில் இல்லை.

இப்போது புது சர்வர் ஓடுகிறது. பட்டியலிலிருந்து ‘அம்மா’வை எடுக்க மனம் வரவில்லை. தினமும் காலையில் நகல் முடிந்ததும் போனுக்குச் செய்தி வருகிறது: ‘அம்மா: மாற்றம் ஏதுமில்லை.’ அவள் இருந்தபோதும் இதே செய்திதான் வந்தது. நான்தான் படிக்கவில்லை.