ஆற்காட்டில் நான் சொன்ன திருத்தம்

மேல்விஷாரத்தில் என் நண்பர் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்ச். அவருடைய மகளுக்கு ஆம்பூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொந்தமாக ஷூ கம்பெனி. பெண்ணைப் பிடித்துவிட்டது. குடும்பத்தைப் பார்த்துப் பேச மாப்பிள்ளையின் தகப்பனார் தன் தம்பியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. கான்தான் எப்படி, அதாவது குடிவழி எப்படி என்று அவர்கள் கேட்பார்கள். நண்பருக்கு அதுதான் கவலை.

"அவங்க ஓனரு, நான் சம்பளக்காரன். நீ கூட வா பா. பேப்பர்காரன் பக்கத்துல இருந்தா ஒரு வெயிட்டு" என்று போனில் சொன்னார். நான் செய்தித்தாளில் உதவி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். போனேன்.

சாப்பாடு முடிந்ததும் ஆம்பூர்க்காரர், "ஆற்காட்ட பைபாஸ்லயே தாண்டிப் போயிடறேன். நவாப் ஊரக் காட்டுங்க பாய்" என்றார். நண்பருக்கு முகம் மலர்ந்தது. அதற்காகவே வேன் சொல்லி வைத்திருந்தார்.

பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்கிற பழைய கோட்டை வாசல் மட்டும் நிற்கிறது. அது காத்த கோட்டை இப்போது இல்லை. ஆற்றில் தண்ணீரும் இல்லை, மணலும் முள்செடியும். அங்கிருந்து, அரண்மனை இருந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்குப் போனோம். இடிந்த செங்கல் சுவர், அதன்மேல் வேர்விட்ட ஆலங்கன்று, நிழலில் நான்கு ஆடுகள். நண்பர் அங்கே நின்று, கையை முன்னால் கட்டிக்கொண்டு சொன்னார்:

"எங்க தாதாவோட அப்பா நவாப் குதிரைக்கு சேணம் தெச்சவரு. நவாப்பு சந்தோஷப்பட்டு ஊருக்கு வெளிய நெலம் குடுத்தாரு. இப்ப நம்ம கையில இல்ல. ஆனா அவர் வெட்டுன கெணறு இன்னும் அப்படியே கீது. அடுத்தது அங்கதான் போறோம்."

ஆம்பூர்க்காரர் "மாஷா அல்லாஹ்" என்றார். அவருடைய தம்பி செருப்பைக் கழற்றாத குறைதான், அப்படிப் பார்த்தார் அந்தச் சுவரை.

பழைய கதை காதில் விழுந்தால் வருஷத்தைக் கூட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். தலைமுறைக்கு முப்பது வருஷம் என்று வைத்தாலும் கணக்கு இடித்தது.

"உன் தாதாவோட அப்பா காலத்துல ஆற்காட்டுல நவாப்பே இல்லையே பா. தலைநகரம் மெட்ராசுக்குப் போய் எரநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

ஆம்பூர்க்காரர் நண்பரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தம்பி சிரித்தார். "அப்போ இல்லாத குதிரைக்கா சேணம் தெச்சாரு பாய்?"

"மெட்ராஸ்லேர்ந்து குதிரைய அனுப்பி அளவு குடுத்திருப்பாங்க" என்றார் ஆம்பூர்க்காரர். வேன் டிரைவரும் சிரித்தார். நண்பரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நிருபர் எழுதி வந்ததில் இப்படி ஒரு பிழை இருந்தால், நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். குடும்பக் கதைகளில் நடுவே இரண்டு மூன்று பாட்டனார்கள் உதிர்ந்துபோவதும் எனக்குத் தெரியாதது அல்ல. தாதாவோட அப்பா என்பது தாதாவோட தாதாவுக்கும் தாதாவாக இருக்கலாம். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. என் கணக்கு சரி என்பது மட்டுமே அப்போது தோன்றியது.

வேன் ஊரைத் தாண்டியது. இரு பக்கமும் நெல் பால் பிடித்திருந்தது; அப்பால் வேர்க்கடலை. ஒரு மண்பாதை பிரியும் இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இங்கதானே பாய்?" என்றார்.

"வேணாம். நேரமாய்டுச்சு. திருப்பு" என்றார் நண்பர். மணி மூன்றரைதான்.

கல்யாணம் நடந்தது. பெண் நன்றாக இருக்கிறாள். ஆனால் மண்டபத்தில் சம்பந்தியின் தம்பி நண்பரைத் தன் ஆட்களுக்கு அறிமுகம் செய்ததை நான் கேட்டேன்: "இவங்கதான் இல்லாத குதிரைக்கு சேணம் தெச்ச கான்தான்." நண்பர் மற்றவர்களை முந்திக்கொண்டு சிரித்தார். "அதெல்லாம் சும்மா கதை" என்றும் சொன்னார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய், அந்தக் கிணற்றைப் பார்க்கவேண்டும், கூட்டிப்போ என்றேன்.

"இன்னாத்துக்கு பா? கெணத்துல தேதி எழுதியிருக்காது" என்றார். கோபமில்லை. டீ வரச் சொன்னார். பிறகு தொழிற்சாலையில் பாய்லர் பழுதானதைப் பற்றிப் பேசினோம்.