எல்லாக் கட்சிக்கும் ஒரே லயசன்

லயசன் ஆபீசர் என்றால் வேறொன்றுமில்லை. கம்பெனி குனிய வேண்டிய இடத்திலெல்லாம் சம்பளத்துக்குக் குனிபவர். கடலூர்ப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் எனக்கு அந்த உத்தியோகம். சுற்றுப்பட்டு ஊர்களில் தண்ணீர் வற்றக்கூடாதென்று, கம்பெனிகள் ராட்சத போர்வெல் போட ஒரு தடை இருந்தது. அதைத் தளர்த்த வைப்பது என் பொறுப்பு. வேலியை ஒட்டியே என் மாமனாரின் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை வயல், இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகு வலிக்கும் சக லயசன்களே, கேளுங்கள்.

டிக்கியில் இரண்டு நிறம்

எங்கள் கார் டிக்கியில் இரண்டு கட்சி நிறத்திலும் சால்வைகள் எப்போதும் தயார். ஆட்சி மாறிய வாரம், பழக்க தோஷத்தில், ஜெயித்த பிரமுகருக்குத் தோற்ற கட்சியின் நிறத்தைப் போர்த்திவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் சால்வையைத் தடவிப் பார்த்தார்.

"வுடுப்பா, போன வருசம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதானே. கம்பெனி மேட்டரச் சொல்லு."

கோபம் ஜாஸ்தி

தடையைத் தளர்த்தச் சொல்லும் ஆளுங்கட்சிப் பேச்சை நான்தான் எழுதிக் கொடுத்தேன். வரிக்கு வரி 'வேலைவாய்ப்பு' தூவியிருந்தேன். மறுநாளே எதிர்க்கட்சித் தலைவரின் உதவியாளர் சிதம்பரத்திலிருந்து போன் செய்தார். எதிர்த்துப் பேச அவர்களுக்கும் ஒன்று வேண்டுமாம். எழுதினேன். என் பேச்சை நானே கிழி கிழியென்று கிழித்தேன். அண்ணாமலை நகர் டீக்கடையில் அதைப் படித்த உதவியாளர் முகம் சுளித்தார்.

"கோவம் ஜாஸ்தியா இருக்கு சார். எங்க தலைவரு நெசமாவே எதிர்க்கிறாருன்னு ஜனங்க நெனச்சிக்கப் போறாங்க!"

மாமனார் கேட்டது

தடை தளர்ந்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். கோடை பிறப்பதற்குள் மாமனாரின் போரில் வெறும் காற்றுதான் வந்தது. பூ விட்ட மல்லாட்டைச் செடி அப்படியே சுருண்டு கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. ஆளுங்கட்சிக்காரரிடம் முறையிட்டாராம். அவர், "கம்பெனியில நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு" என்று ஒரு நம்பர் கொடுத்தாராம். எதிர்க்கட்சிக்காரரிடம் போனால் அவரும் அதையே சொல்லி, அதே நம்பரைக் கொடுத்தாராம். வீட்டில் வந்து பார்த்தால், அது என் நம்பர்.

"ரெண்டு பேருமே ஒங்களத்தான் பாக்கச் சொல்றாங்க மாப்ள. அப்ப நீங்க எந்தக் கட்சி?"

இரண்டு கட்சிக்கும் பேச்சு எழுதித் தந்த நான், மாமனாருக்கு மோர் கொண்டு வரும்படி உள்ளே குரல் கொடுத்தேன்.