படலையடியில் நின்ற அக்கா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் கதைக்கவும் கூச்சம். அக்காவின் ஓராண்டு நினைவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி வாசிக்கிற உங்களுக்கு, கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் மட்டும் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா திரியாயில் பிறந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் நாலு மாடும் இருந்தன. அம்மா நேரத்தோடு போய்விட்டதால் எனக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். அவர் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை.

அக்காவைக் கட்டிய அத்தான் கடற்தொழில் செய்தவர். கலியாணம் முடித்து இரண்டாம் வருடம், ஒரு நாள் விடிய, அக்கா வாசல் படலையடியில் நின்று அவரை அனுப்பினார். வள்ளம் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வெளிக்கிடும்போது எதிரே நிற்கிற முகத்தை முழுவியளம் என்று பார்க்கிறவர்கள் நாங்கள். துக்கம் விசாரிக்க வந்த சனமே, அவளின் முழுவியளம்தான் அவனைக் கொண்டுபோனது என்று கதைத்தது. அக்கா அதைக் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, நம்பியும் விட்டார்.

அதன்பிறகு வீட்டில் யார் வெளிக்கிட்டாலும் அக்கா சமைக்கிற குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். யுத்தப் பிரச்சினையில் ஊரை விட்டு ஓடிய அன்றும், சனத்தையெல்லாம் முன்னால் போகவிட்டுக் கடைசியாகத்தான் நடந்தார்.

திருகோணமலைக்கு வந்து துறைமுகத்துக்குக் கிட்டக் குடியிருந்தோம். நான் கலியாணம் முடித்த பிறகும் அக்கா எங்களோடுதான் இருந்தார். அக்கா மீன்வாடியில் கருவாட்டுக்கு மீன் பிளந்தார். வள்ளங்கள் எல்லாம் போய் முடிந்த பிறகுதான் கரைக்கு இறங்குவார். என் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தது அந்தக் கருவாட்டுக் கைதான்.

இனி எழுதுவது எனக்கு வெட்கம். ஆனாலும் எழுத வேண்டும். என் மூத்தவன் கட்டாருக்கு வேலைக்கு வெளிக்கிட்ட அன்று, விடிய எழும்பி அவனுக்குப் புட்டு அவித்துப் பார்சல் கட்டியது அக்கா. பிள்ளை செருப்பைப் போட்டான். நான் திரும்பி, "அக்கா, கொஞ்சம் உள்ளுக்கு நில்லுங்கோ" என்றேன். குசினிக்குள் இருந்து சத்தம் வந்தது.

"ஓம் பிள்ளை, நான் அப்பவே வந்திட்டன்."

கருவாடு வாங்க வாடிக்கு வருகிற போதகரம்மாதான் அக்காவை முதலில் ஆராதனைக்குக் கூட்டிப்போனவர். கன நாள் அக்கா கடைசி வாங்குப் பலகையில், கதவோடு இருந்தார். ஒரு நாள் போதகர் குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டார். எல்லோரும் வான் வண்டியில் ஏறியாயிற்று. அக்கா பழக்கத்தில் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். போதகர் இறங்கி வந்து, முன்னுக்கு வாங்கோ அக்கா, நீங்கள் ஜெபித்து அனுப்பினால்தான் வெளிக்கிடுவோம் என்றாராம்.

"நான் அறுதலி ஐயா" என்றாராம் அக்கா.

"கர்த்தருக்கு நீங்கள் மகள். தன்ர மகள் வாசலில நிக்கக் கூடாதெண்டு எந்தத் தகப்பன் சொல்லுவார்?"

வான் சாரதி, கிண்ணியா ஊர்த் தம்பி. "கெதியா ஜெபியுங்கோ அக்கா, வெயில் ஏறினா என்ட வான் சூடாகிடும்" என்று பகிடி விட்டானாம். அக்கா மண்டபத்துக் கேட்டடியில் நின்று ஜெபித்தார். வீட்டுக்கு வந்தவருக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. உபவாசம் என்று நான் நினைத்தேன். பயம் என்று பிறகுதான் சொன்னார். வான் திரும்பி வந்ததும் அந்தத் தம்பி எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, "அக்கா, ஒரு டயர்கூடப் போகேல்ல" என்றான். அக்கா நிலத்தில் இருந்து அழுதார். அத்தான் போன அன்றும் அவர் அப்படி அழுததை நான் காணவில்லை.

பிறகு அத்தானை எடுத்த அந்தக் கடலிலேயே இறங்கி ஞானஸ்நானம் எடுத்தார். வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினார். "நான் ஆரெண்டு எனக்கு இப்பதான் தெரியுது பிள்ளை" என்று ஒரு நாள் மீன் அலம்பிக்கொண்டே சொன்னார். அன்றுமுதல் காலையில் படலையடியில் நின்று, பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஜெபித்து அனுப்புவார். சிலர் அக்காவைக் கண்டால் தெருவின் மறுகரையால் போவார்கள். அவர்களுக்கும் ஜெபிப்பார்.

நான் இன்றும் திருநீறு பூசுகிறவள். அக்கா என்னை ஒருநாளும் வற்புறுத்தவில்லை. மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் காலமானபோது, யாரும் சொல்லாமலே நானும் குசினிக் கதவுக்குப் பின்னால் போனேன். அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்தார். ஏலாது அக்கா என்றேன். ஏலும், இன்றைக்கு இல்லாவிட்டால் பிறகு ஏலும் என்று விட்டுவிட்டார்.

ஆசுபத்திரியில் கடைசியாக என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நான் வெளிக்கிடேக்க நீ படலையடியில நிண்டு அனுப்பு. வேற ஒண்டும் வேண்டாம்."

ஓம் என்றேன்.

பெட்டியைத் தூக்கினார்கள். முற்றம் நிறையச் சனம். நான் படலையடிக்குப் போகவில்லை. குசினிக் கதவின் நீக்கலால்தான் அக்கா போவதைப் பார்த்தேன். போதகரம்மா திரும்பித் திரும்பி என்னைத் தேடினார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காவை ஆசுபத்திரிக்கு ஏற்றி இறக்கிய கிண்ணியாத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த தாதிப் பிள்ளைகளுக்கும், போதகருக்கும் போதகரம்மாவுக்கும், மாறி மாறிச் சமைத்துத் தந்த அயலவர்க்கும், மீன்வாடிச் சனத்துக்கும் நான் என்ன செய்து ஈடுகட்டுவேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்று சாப்பிட்டு முடிந்து நீங்கள் வெளிக்கிடும்போது நான் படலையடியில் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நிற்க ஏலுமோ தெரியாது. என்னை அங்கே காணாவிட்டால் குசினிக் கதவுக்குப் பின்னால் பாருங்கள். யாராவது ஒருவர், முன்னுக்கு வாங்கோ என்று கூப்பிடுங்கள்.