கணக்கு டீச்சர் தப்பாகப் போடாத கணக்கு

எங்கள் பள்ளியில் கணக்கு நடத்துபவர்கள் மூன்று பேர். ஆனால் 'கணக்கு டீச்சர்' என்று சொன்னால் அது ஒருவரைத்தான் குறிக்கும். மற்ற இருவருக்கும் அதில் கொஞ்சம் வருத்தம். என்ன செய்வது, பட்டம் ஊர் கொடுப்பது.

டீச்சர் எந்தக் கணக்கையும் இரண்டு முறை போடுவார். முதலில் மேலிருந்து கீழே, பிறகு விடையில் ஆரம்பித்துக் கீழிருந்து மேலே. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் போர்டு முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். அவருடைய கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். "வீட்டுல அவர் எழுத்துப்பிழை பிடிப்பார், நான் கணக்குப்பிழை பிடிப்பேன். எங்க பொண்ணு பாவம், காதல் கடிதம்கூட நிம்மதியா எழுதியிருக்க மாட்டா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவரிடமிருந்து போனதற்குக் காரணம் நான்.

நான் அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவன். எனக்கு 'சிடி டாக்டர்' என்று பெயர். லேபில் இருந்த இருபது மெஷின்களிலும், ஆசிரியர்கள் வீட்டு மெஷின்களிலும், மென்பொருள்களைத் திருட்டு காப்பியாகப் போட்டுக் கொடுத்தது நான்தான். ஏதாவது நின்றுபோனால் உடனே எனக்குப் போன் வரும். போன இடமெல்லாம் டீ, மரியாதை. காலேஜ் வாசலை மிதிக்காத எனக்கு அந்த மரியாதை பெரிய விஷயமாக இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உரிமம் இல்லாத மென்பொருள் எந்தப் பள்ளியிலும் இருக்கக் கூடாது. உரிமம் வாங்க வேண்டும், இல்லையென்றால் மெஷினை மூட வேண்டும். பள்ளியால் ஆறு மெஷினுக்குத்தான் வாங்க முடியும் என்றார் தலைமையாசிரியர், ஆசிரியர்கள் கூட்டத்தில். மீதிப் பதினாலை மூடிவிடலாம் என்று எல்லோரும் தலையாட்டியபோது டீச்சர் எழுந்தார்.

"சார், லினக்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதைப் போட்டா எதையும் மூட வேண்டாம். அது யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பார்க்கலாம், மத்தவங்களுக்கும் கொடுக்கலாம். நம்ம மெஷின்ல ரெண்டு ஜிபி மெமரி இருக்கு. அதுக்கு ஒண்ணேகால் போதும். கணக்குப் போட்டுட்டேன்."

வீட்டில் ஒரு பழைய மெஷினில் போட்டு மூன்று மாதமாகத் தானே கற்றுக்கொண்டாராம். கூட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நீங்களும் நானும் சேர்ந்து உட்கார்ந்தா ஒரு வாரத்துல பழகிடலாம். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் திருட்டு காப்பியின் பூட்டை உடைக்கும் வித்தை. பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவிக்காரன் எதற்கு? நாற்பத்திரண்டு வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் ஒரு கணக்கு டீச்சரிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டுப் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் சம்மதித்தார். மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வந்து சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயந்திரம் டீச்சரும் நானுமாக இருபதிலும் லினக்ஸ் போட்டு முடித்தோம். அவர் பஸ் பிடிக்கக் கிளம்பினார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் விரல் நீளத்தில் இரண்டு மெமரிப் பட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஜிபி. ஒரே நேரத்தில் மெஷின் எவ்வளவு வேலை தாங்கும் என்பது அவற்றைப் பொறுத்தது. இருபதிலும் ஒவ்வொரு பட்டையைக் கழற்றி என் சாப்பாட்டுப் பையில் போட்டேன். முக்கால் மணி நேர வேலை.

மறுநாள் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஒன்றைத் திறந்து இன்னொன்றைத் தொட்டதும் மெஷின்கள் திணற ஆரம்பித்தன. ஒரு வரைபடம் வர ஐந்து நிமிடம். பார்வையாளர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் ஒவ்வொரு மெஷினாக ஓடினார். "வீட்டுல நல்லா ஓடுச்சு சார். ஒரு நிமிஷம் சார்." அவர் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. நான் சுவரோரம் நின்று, எனக்கும் ஒன்றும் புரியாத மாதிரி தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

"இலவசம்னா இப்படித்தான் இருக்கும்" என்றார் பார்வையாளர். எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர், "பழையபடி ஆறுல உரிமம் வாங்கிப் போட்டுடுங்க, மீதியை மூடிடுங்க" என்று என்னிடம் சொன்னார். அன்று மாலையே பட்டைகளை இருந்த இடத்தில் மாட்டினேன், லினக்ஸை அழித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அடுத்த நாள் காலையில் டீச்சர் லேபுக்கு வந்து ஒரு மெஷினைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மெமரி இரண்டு ஜிபி என்றே காட்டியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ தப்பு என்னோடதுதான் தம்பி. என் வீட்டு மெஷின் ஒண்ணுல ஓடுச்சுன்னு இருபதுலயும் ஓடும்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு உதாரணத்தை வச்சு நிரூபணம். பிள்ளைங்க இப்படிப் பண்ணினா முட்டை போடுவேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி விழுங்கிக்கொண்டேன்.

பதினாலு மெஷின்கள் துணி போர்த்திக்கொண்டன. ஒரு மெஷினுக்கு ஆறு பிள்ளைகள். கையில் மவுஸ் கிடைப்பவன் ராஜா, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். டீச்சர் வராந்தாவில் போகும்போது லேப் பக்கம் திரும்ப மாட்டார். அந்த வருடக் கடைசியில் தலைமையாசிரியரிடம் போய், பெரிய வகுப்பு வேண்டாம், ஆறாம் வகுப்பு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இருபது வருடம் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர். வயதாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

வீட்டில் என் மனைவி, "அந்த டீச்சரைப் பத்திப் பேச்சு எடுத்தாலே எழுந்து போயிடறீங்களே, என்ன சங்கதி?" என்று ஒரு தடவை கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எழுந்து போனேன்.

இந்த வருடம் புதிய ஆணை வந்தது. எல்லாப் பள்ளிகளும் கட்டாயம் லினக்ஸுக்கு மாற வேண்டும். ஒரு மாதம் இரவல் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, அதே இருபது மெஷின்களில், அதே பட்டைகளோடு போட்டேன். அவர் சொன்ன ஒன்றேகால் ஜிபிக்குள் அடங்கிச் சும்மா பறந்தன. துணிகளை உருவிப் போட்டதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்தார். டீச்சரும் வந்து வாசலில் நின்றார். கணக்கு தெரிந்தவர், இரண்டையும் இரண்டையும் கூட்டிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் கூட்டவில்லை. "இப்போ நல்லா பண்ணியிருக்காங்க இல்ல? புதுப் பதிப்பா இருக்கும். நான்தான் அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன்" என்றார். என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டீங்க தம்பி. சந்தோஷம்."

நான் தப்பித்துவிட்டேன். நான் யோசிக்காத ஒரு சாக்கை அவரே என் கையில் கொடுத்துவிட்டார். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மதியம் ஆறாம் வகுப்புக்குப் போய், பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு, எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, சாப்பாட்டுப் பை, மறுநாள் மாட்டியது, எல்லாம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருபதுலயுமா?"

"இருபதுலயும், டீச்சர்."

"அப்போ என் கணக்கு சரியா?"

"சரிதான் டீச்சர்."

மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் தெரியுமா? மேலிருந்து, கீழிருந்து. தப்பே கிடைக்கல. தப்பு எங்கேன்னு கண்ணுக்குத் தெரியாதவ பெரிய பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறதுன்னுதான் விட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "என்னைத் தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நீங்க சரின்னு சொல்றது என் காதுல மட்டும்தானா?"

அடுத்த நாள் ஆசிரியர்கள் அறையில், எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். ஒருவர், "இதை ஒத்துக்கவும் ஒரு மனசு வேணுமில்ல" என்றார். இன்னொருவர் என் தோளைத் தட்டினார். யாரோ எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

தலைமையாசிரியர் டீச்சர் பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து பெரிய வகுப்பை எடுத்துக்கிறீங்களா டீச்சர்?"

"நான் ரிடயர் ஆக மூணு மாசம்தானே சார் இருக்கு. பரீட்சை நேரத்துல டீச்சரை மாத்தினா பிள்ளைங்க குழம்பிடுவாங்க. வேண்டாம்."

பெல் அடித்தது. டீச்சர் நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனார். அவர் போன பிறகுதான் உறைத்தது: வகுப்பிலும் சரி, இந்த அறையிலும் சரி, நடந்ததைச் சொன்னேனே தவிர, மன்னிச்சிடுங்க என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.