பத்துமலை அடிவாரத்தில் ஓர் இடிகுண்டு

அடியில் பொள்ளலாகி, உள்ளே வெற்றிடமாகிவிட்ட நிலம் எந்த நாளில் விழும்? புவியியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதையே பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு இதற்கு விடை தெரியாது. தெரிந்தவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. பத்துமலைப் பக்கம் போக நினைக்கும் வாசகர்கள் இந்தக் கட்டுரையில் தைரியம் தேடிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களில் ஏழெட்டுப் பேர் குகை பார்க்கிறவர்கள். சங்கம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி, எந்தக் குகையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்த வழி அடைபட்டுப் போயிற்று, புதியவர்கள் எதைப் படித்துவிட்டு இறங்க வேண்டும் என்று பேசுவோம். பேசியதைத் தட்டச்சில் இரண்டு தாளாக அடித்துப் பங்கிட்டுக்கொள்வோம். சென்ற ஆகஸ்டு தாளில் சின்னத்துரை என்பவர் நாலு வரி எழுதியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பத்துமலையிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு கல்லுமலையில், அதாவது மலையை வெடிவைத்துக் கல் எடுக்கும் இடத்தில், கணக்கெழுதும் பெரிய கிராணி. ‘எங்கள் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஓர் இடிகுண்டு திறந்திருக்கிறது. எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டேன். பார்க்க விரும்புவோர் வரலாம்’ என்பது செய்தி.

இடிகுண்டு எங்கள் ஊர்ச் சொல். யாழ்ப்பாணத்தில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதற்குள் தண்ணீர் அரித்த குகைகள். குகையின் கூரை இடிந்து மேல்நிலம் உள்ளே போனால் உண்டாகும் பள்ளம்தான் இடிகுண்டு. கோலாலம்பூரும் அப்படிப்பட்ட கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளி விடுமுறையாகவும் இருந்ததால், காலையில் பத்துமலையின் இருட்டுக் குகை, பிற்பகலில் சின்னத்துரையின் இடிகுண்டு என்று திட்டமிட்டு ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

கோலாலம்பூர் நிலையத்திலிருந்து பத்துமலைக்குக் கிளைரயில் உண்டு. ஆனால் வண்டிகள் குறைவு. தவறவிட்டால் அரைநாள் போய்விடும். நான் ‘கொசு பஸ்’ என்று எல்லோரும் சொல்லும் சிறிய பஸ்ஸில் போனேன். எட்டு மைலுக்கு இருபத்தைந்து காசு. முன்னிருக்கையில் இடம் கொடுத்த டிரைவர் என் கயிற்றுப் பையையும் கான்வாஸ் சப்பாத்தையும் பார்த்தார்.

“தைப்பூசம் இன்னும் நாள் கெடக்கே, அக்கா. இப்பவே காவடிக்கு எடம் பிடிக்கவா?”

“குகை பார்க்க.”

“சாமி மேல இருக்காரு. கீழ வவ்வாலுதான் இருக்கு.”

“வவ்வாலைத்தான் பார்க்கப் போறன்.”



மலையடியில் சின்னத்துரை இரண்டு கார்பைடு விளக்குகளோடு காத்திருந்தார். கோயிலுக்கு ஏறும் மரப்படிகளில் பாதிக்கு மேல் வந்ததும் இடப்பக்கம் பிரிந்தால் இருட்டுக் குகையின் வாய். உள்ளே போன சிறிது நேரத்தில் பகல் வெளிச்சம் பின்னால் சுருங்கிவிடுகிறது. காலடியில் வௌவால் எச்சம் கணுக்கால் வரை புதைகிறது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் அந்த எச்சமே அசைகிறது, அத்தனையும் கரப்பான். வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கும். பேய், நாகம், முடிவில்லாத சுரங்கம் என்று வெளியே பல கதைகள் சொல்வார்கள். நான் கதைகளை நம்புகிறவள் இல்லை. ஆயினும் சின்னத்துரையை விட்டு விலகாமல் நடந்தேன்.

“விளக்கை ஒருக்கா நூத்துப் பாப்பமே, ரீச்சர்? உண்மையான இருட்டு எப்பிடி எண்டு தெரியும்.”

“வேண்டாம்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள், மேலிருந்து சொட்டிய தண்ணீரில் என் விளக்கு தானாகவே அணைந்தது. சிரிக்கப் பார்த்த சின்னத்துரை தன் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டார். மற்ற விளக்கும் அணைந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இருவருமே யோசித்து வைத்திருக்கவில்லை. ஆளுக்கு ஒரு விளக்கு போதாது. விளக்கு, மெழுகுவத்தி, எண்ணெய்த்தாளில் சுற்றிய தீப்பெட்டி என்று மூன்று வெளிச்சம் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும்.

இன்னும் உள்ளே போனதும் கூரையில் ஓர் ஓட்டை. அதன் வழியே வெயில் ஒரு தூண்போல இறங்கியது. நேர் கீழே மண்ணும் கல்லும் கூம்பாகக் குவிந்து கிடந்தன. குவியலில் ஒரு மரத்தின் வேர், சில எலும்புகள். ஆட்டின் எலும்பு என்றார் சின்னத்துரை. மேலே மேய்ந்துகொண்டிருந்த ஆடு. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு அது பள்ளம்; உள்ளேயிருந்து பார்த்தபோதுதான் அது உடைந்த கூரை என்பது எனக்கு உறைத்தது. பாடம் நடத்தும்போது இதைக் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கிறேன். அந்த எலும்புகளுக்குப் பிறகு வெளியே வந்து புல்தரையில் நடந்தபோது ஒவ்வோர் அடியையும் சோதித்தே வைத்தேன்.

லயத்துக்கு நாங்கள் நடந்து சேர்ந்தபோது மணி ஒன்று. ஆறு வீடுகள் ஒரே கூரையின் கீழ். பலகைச் சுவர், தகரக் கூரை, மண் தரை. பின்னால் பத்து முழத் தூரத்தில் அந்தப் பள்ளம். வாய் ஒரு மாட்டுவண்டி அகலம், ஓரம் கத்தியால் அறுத்ததுபோல நேராக இறங்கியது, அடி தெரியவில்லை. அப்பால் ஓர் ஈயலம்பம். ஈயம் தோண்டும் அந்தக் குழியிலிருந்து இரவும் பகலும் பம்பு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அடியிலுள்ள பொள்ளல்களைத் தாங்கி நின்றது அந்தத் தண்ணீராகத்தான் இருக்கவேண்டும், அது போனதும் கூரை இடிந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

ஆனால் நான் பயந்தது பள்ளத்தைப் பார்த்தல்ல. அதைச் சுற்றித் தரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது. வளைந்துவந்து, கடைசி வீட்டின் பின்சுவருக்கு அடியில் புகுந்து, வாசற்படி ஓரமாக வெளியே வந்தது. அந்த வளையத்துக்குள்ளே ஒரு பெண் கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகள் பள்ளத்துக்குள் கல் எறிந்து சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தன.

சின்னத்துரை நட்ட பலகை அங்கேயே நின்றது. அழகான எழுத்து. ‘இடிகுண்டு உண்டு. கவனம்.’

“எழுதியும் வைச்சன், கங்காணியைக் கொண்டு வாசிப்பிச்சும் சொன்னன். ஒருத்தரும் கேக்கினமில்லை” என்றார் அவர் சலிப்போடு.

அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. அந்தக் கடைசி வீடு அவளுடையது. கணவன் கல்லுமலையில் துளை போடுகிறவன். நான் அவளைக் கூப்பிட்டு, குழந்தைகளை இப்பால் கொண்டுவரச் சொன்னேன். பலகையைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“பாத்தோமே, டீச்சரம்மா. குண்டு இருக்குன்னு எழுதியிருக்கு. கங்காணி படிச்சுச் சொன்னாரு.”

“பிறகு ஏன் இதுக்குள்ள நிக்கிறீங்கள்?”

“பன்னெண்டு மணிக்குத்தான் சங்கு ஊதி வெடிச்சாச்சே. இனிமே நாலு மணிக்குத்தான் அடுத்த வெடி.” என் முகத்தைப் பார்த்து அவள் சமாதானம் சொன்னாள். “நான் கவனமாத்தான் இருக்கேன்லா. சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே ரெண்டையும் வீட்டுக்குள்ள விட்டு வெளிய பூட்டிருவேன். வெடிச்சு முடிஞ்சாத்தான் தொறப்பேன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தானுக்குக் குண்டு என்றால் பள்ளம். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர்களுக்குக் குண்டு என்றால் வெடிகுண்டு. அதிலும் இது கல்லுமலை. இடியாய் வெடிக்கும் குண்டு இங்கே இருக்கிறது என்று அவர்கள் வாசித்திருக்கிறார்கள். அதற்குத் தக்கபடி நடந்துமிருக்கிறார்கள். நாளுக்கு இருமுறை, நிலம் அதிரும் அந்த நேரம் பார்த்து, அவள் தன் குழந்தைகளை வெடிப்புக்கு மேலே நிற்கும் வீட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

“குண்டு எண்டால் குண்டுதானே, ரீச்சர்?” என்றார் சின்னத்துரை. அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

“உங்களுக்கும் எனக்கும்.”

அஞ்சலையின் உலக்கையை வாங்கி அவள் வீட்டுத் தரையில் குத்திக் காட்டினேன். முன்பக்கம் தட்டையான சத்தம். பின்சுவர் ஓரம் குத்தியபோது பானையைத் தட்டினாற்போல ஒலித்தது. இதை நான் அத்தாட்சி என்று சொல்லமாட்டேன். எலிவளைகூட அப்படி ஒலிக்கும். ஆனால் அவள் உலக்கையைப் பிடுங்கித் தானே ஒருமுறை குத்தினாள். மறுபேச்சில்லாமல் இரண்டு குழந்தைகளையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வெளியே இழுத்துவந்தாள்.

“அப்ப இது வெடிக்காதா? கீழ போயிருமா?”

“கீழ போகும்.”

அதற்குள் கங்காணி வந்துவிட்டார். தடித்த மனிதர், பேச்சில் பணிவும் குத்தலும் கலந்திருந்தன.

“என்னங்கம்மா, பொம்பளைங்கள இப்பிடிக் கெலப்பி விடுறீங்க? சரி, எப்ப விழும்? இன்னிக்கா, நாளைக்கா?”

“தெரியாது.”

“அடுத்த மாசம்?”

“தெரியாது.”

“படிச்சவங்களுக்கே தெரியலன்னா, நாங்க எதுக்குச் சட்டி பானையத் தூக்கணும்?” கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். 

சின்னத்துரைதான் முன்னால் வந்தார். பாதைக்கு மறுபக்கம் பாறைமேல் நிற்கும் சாமான் கொட்டகையைத் தன் பொறுப்பில் திறந்துவிடுவதாகவும், கல்லுமலைத் துரை கேட்டால் தானே பதில் சொல்வதாகவும் சொன்னார். அவர் உத்தியோகம் அதில் போகக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, சிரிப்பு நின்றது. நாலு மணிச் சங்குக்கு முன்னால் ஆறு குடும்பமும் பாய், பானை, கோழிகளோடு இடம் மாறின. அஞ்சலையின் கணவன் வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவையே கழற்றித் தலையில் தூக்கிப்போனான்.

பலகைக்கு வேறு சொல் வேண்டியிருந்தது. பள்ளம் என்று எழுதினால் பள்ளத்தை மட்டும் விலகி நடப்பார்கள். புதைகுழி என்றால் சேறு என்று நினைப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை, “மண்ணு முழுங்கும்னு போடுங்க, கிராணி. படிக்கத் தெரியாதவன் காதுல விழுந்தாலும் ஓடுவான்” என்றாள். சின்னத்துரை அதையே எழுதினார்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். குகைக்குள் தனியாக இறங்காதீர்கள். எப்போது திரும்புவீர்கள் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டால் நடக்கலாம்; செருப்பு உதவாது. மழைக்கு மறுநாள் எந்தக் குகையும் வேண்டாம். பழைய லம்பங்களின் பக்கம் நடக்கும்போது தரையில் வளைந்த வெடிப்பு, சாய்ந்த வேலிக்கால், காரணமில்லாமல் வற்றிய கிணறு ஆகியவற்றைப் பாருங்கள். பார்த்தால் அங்கே குடியிருப்பவர்களிடம், அவர்கள் பேசும் சொல்லில் சொல்லுங்கள். பஸ் கடைசியாக ஐந்து மணிக்குத் திரும்புகிறது. நான் அன்று அதைத் தவறவிட்டு, சின்னத்துரையின் மனைவியோடு அவர்கள் வீட்டில் தங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை நடந்தது இது; அன்று கல்லுமலையில் அரைநாள் வேலைதான், ஒரே வெடி. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. வெடித்தது. பாதத்தில் அதிர்வு தெரிந்தது. வழக்கமாக அதன்பின் கலைந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கொட்டகை வாசலிலேயே நின்று லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அப்போது கங்காணி வெடிப்பைத் தாண்டி வளையத்துக்குள் நடந்தார். பள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். நடுவில் நின்று காலால் ஓங்கி இரண்டு மிதி மிதித்தார். பிறகு அஞ்சலையின் வாசற்படியில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்து, அது தீரும்வரை புகைத்தார்.  அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

மூன்று மணிக்குள் நாலு குடும்பங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிட்டன. ஐந்தாவது குடும்பம் கோழிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல, டீச்சரம்மா” என்றாள் அஞ்சலை. “அவரு நடந்து காட்டிட்டாரு. நீங்க எதக் காட்டுவீங்க?”

அவள் கணவன் கதவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், நிலையில் பொருத்தி ஆணி அடிக்கத் தொடங்கினான். ஒவ்வோர் அடிக்கும் அவள் தோள் குலுங்கியது. குழந்தைகள் அப்பாவிடம் ஓடப் பார்த்தன. அவள் இரண்டின் கையையும் விடாமல் கொட்டகை வாசலில் நின்றாள். நான் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பியபோதும் அவன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அதுவரை நிலம் விழவில்லை.